டிக்கெட் வாங்கியது சூதாட்டம் அல்ல

பறப்பதைத் திடீரென்று நிறுத்திவிடும் விமான நிறுவனங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் சொல்வது இதுதான்: குறைந்த விலைக்கு டிக்கெட் வாங்கியவர் அதிலிருக்கும் ஆபத்தையும் சேர்த்தே வாங்கினார். நிறுவனம் நொடித்துப்போனால் மற்றக் கடன்காரர்கள் வரிசையில் நிற்பதுபோல அவரும் நிற்கட்டும். பயமாக இருந்தால் காப்பீடு எடுத்திருக்கலாம். சட்டம் போட்டு அவரைப் பாதுகாக்கப் போனால் கட்டணம் ஏறி, ஏழைகளால் பறக்கவே முடியாமல் போகும். எப்படிப் பார்த்தாலும் இது ஒரு அசௌகரியம்தான். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது.

விவரம் தெரியாதவர் இப்படி எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இவர் நிதி விவகாரங்களை அறிந்தவர். திவால் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தெரிந்தவர் பாதியை மட்டும் சொல்வதைச் சும்மா விட முடியாது.

முதலில் ‘மலிவு’ என்ற வாதம். இந்தியாவில் பயணிகளை நடுவழியில் விட்ட நிறுவனங்களின் பெயர்களை அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கிங்ஃபிஷர் ஆடம்பரத்தையே விற்ற நிறுவனம். 2012 அக்டோபர் தொடக்கத்தில் அதன் விமானங்கள் நின்றன. அதே மாதம் 20ஆம் தேதி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜெட் ஏர்வேஸ் 1993இலிருந்து பறந்த நிறுவனம். உணவும் உபசரிப்பும் டிக்கெட்டிலேயே அடக்கம். 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போன விமானத்தோடு அது முடிந்தது. அவசரத் தேவைக்குக் கேட்ட 400 கோடி ரூபாயை வங்கிகள் தர மறுத்ததுதான் அன்றைய உடனடிக் காரணம். பிசினஸ் வகுப்பில் முழுக் காசு கொடுத்தவரும் கடைசி வரிசையில் சலுகை விலைக்கு வாங்கியவரும் அன்று ஒரே நிலையில்தான் நின்றார்கள். இதில் மலிவு எங்கே வந்தது?

அடுத்து, ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார் என்பது. கோ ஃபர்ஸ்ட் விஷயத்தைப் பார்ப்போம். 2005இல் கோ ஏர் என்ற பெயரில் பறக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 2023 மே 2, செவ்வாய்க்கிழமை, தானாகவே தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் திவால் மனு கொடுத்தது. மறுநாள் காலை முதல் விமானங்கள் இல்லை. பயணிகளுக்குச் சொல்லப்பட்ட காரணம் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் எஞ்சின்கள் பழுதானதால் மே 1ஆம் தேதி நிலவரப்படி 25 விமானங்கள் தரையில் நிற்கின்றன, ஏர்பஸ் 320 நியோ விமானங்களில் ஏறக்குறைய பாதி முடங்கிவிட்டன என்று சொன்னது அந்த நிறுவனமேதான். எஞ்சின் பிரச்சினை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் நடந்த நடுவர் விசாரணையில் அதற்குச் சாதகமான உத்தரவும் வந்திருந்தது. ஆனால் 25 விமானங்கள் ஒரே ராத்திரியில் பழுதாகவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை மாதங்களும் டிக்கெட் விற்பனை நடந்துகொண்டிருந்தது. மனு கொடுத்த பிறகும் முன்பதிவு மூடப்படவில்லை. மே 8ஆம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

கோ ஃபர்ஸ்ட் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம்கூட இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பொதுமக்கள் முன்னால் வைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. கோடை விடுமுறைக்கு மார்ச் மாதமே டிக்கெட் எடுத்த ஒரு குடும்பம் எதைப் பார்த்து ஆபத்தை எடைபோட்டிருக்கும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அரசு உரிமம் கொடுத்த நிறுவனம், அரசு ஒப்புதல் கொடுத்த அட்டவணை, அந்த அட்டவணையில் ஒரு விமானம் என்பதுதான். அந்த நம்பிக்கையைச் சூதாட்டம் என்று அழைக்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்கள். கட்டுரையாளர் வாயே திறக்காத இடம் இதுதான். ஒரு விமான நிறுவனம் தள்ளாட ஆரம்பித்தால் முதலில் கடனை நிறுத்துவது எண்ணெய் நிறுவனம். அன்றன்றைக்குக் காசு வந்தால்தான் எரிபொருள் வண்டி விமானத்தின் பக்கத்தில் வரும். கிங்ஃபிஷர் மூடுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த நிலைக்கு வந்துவிட்டது. விமானங்களைக் குத்தகைக்கு விடுகிற நிறுவனம் முன்வைப்புத் தொகை வாங்கியிருக்கும். பராமரிப்புக்கென்று மாதாமாதம் தனிப் பணமும் வாங்கியிருக்கும். வங்கி அடமானம் இல்லாமல் கொடுத்திருக்காது. விமானநிலையக்காரர்கள் உத்தரவாதம் கேட்டிருப்பார்கள். ஆக, உள்ளே நடப்பதை அறிந்த ஒவ்வொருவரும் காசை முதலில் வாங்கிக்கொண்டோ, ஈடு வைத்துக்கொண்டோதான் வியாபாரம் செய்கிறார்கள். எதுவும் தெரியாத ஒரே ஆள், மூன்று மாதத்துக்கு முன்னாலேயே முழுப் பணத்தையும் வட்டியில்லாமல், ஈடில்லாமல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆபத்தை அவர் தலையில் கட்டியவர்கள் மற்றவர்கள். கட்டுரையாளரோ அதை அவரே ஆசைப்பட்டுச் சுமந்தது போல எழுதுகிறார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என் மச்சினன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் விமானநிலையம். கிளம்புகிற அன்று காலை அவன் அம்மா கட்டிய அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தோம். 31 கிலோ காட்டியது. 30 கிலோதான் அனுமதி என்பதால் கடைவாசலிலேயே பிரித்து, ஒரு கிலோ கருப்பட்டியை எடுத்துவிட்டு, மறுபடி நைலான் கயிறு போட்டுக் கட்டி, மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுதினான். மதியம் வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் போன்.

“அத்தான், கவுண்டர்ல ஆளே இல்ல. கண்ணாடில ஒரு பேப்பர ஒட்டி வச்சிருக்காவ. ஃபிளைட் கேன்சல்னு மட்டும் போட்டிருக்கு. யார்ட்ட கேக்கன்னு தெரியல.”

போன் நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவனும் அடித்தான், நானும் அடித்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவனோடு அங்கே நின்றவர்களில் ஒரு பெண் கைக்குழந்தையோடு முதன்முதலாகக் கணவனிடம் போகிறவள். இன்னொருவருக்கு விசா தேதி மறுநாளோடு முடிகிறது. எல்லோரும் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து அங்கே இருக்கும் முதலாளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், தங்கள் மேல் தப்பில்லை என்பதற்கு ஆதாரமாக. மறுநாள் வேறு விமானத்துக்கு டிக்கெட் விலை கேட்டபோது முன்பு கொடுத்ததைப்போல மூன்று மடங்கு. தங்கச்சியின் சங்கிலி அன்றைக்கே அடகுக் கடைக்குப் போயிற்று.

பழைய டிக்கெட்டின் பணத்துக்கு அவன் சார்பில் உரிமைகோரல் படிவத்தை நிரப்பியவன் நான். முழுக்க ஆங்கிலம். கடன் எப்போது, எந்த ஒப்பந்தத்தின்படி ஏற்பட்டது, ஈடு ஏதாவது உண்டா, பரஸ்பரக் கடன்கள் உண்டா என்று கேள்விகள். கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும் வியாபாரிக்காகத் தயாரித்த காகிதம் அது. டிக்கெட் வாங்கிய எலக்ட்ரீஷியனிடம் அதே காகிதத்தை நீட்டுகிறது சட்டம். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு சரி.

இப்போது ‘வரிசையில் நிற்கட்டும்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். அந்த வரிசை எப்படி இருக்கிறது என்று கட்டுரையாளர் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் திவால் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி நிறுவனத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஏற்கனவே போட்ட வழக்கும் நின்றுவிடும். நுகர்வோர் நீதிமன்றக் கதவும் அதோடு அடைபடுகிறது. கடைசியில் சொத்தை விற்றால் பணம் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்பதை 53ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு. பிறகு தொழிலாளர் பாக்கியும் ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களும். பிறகு மற்ற ஊழியர்கள். பிறகு ஈடில்லாமல் நிதி கொடுத்தவர்கள். பிறகு அரசு பாக்கி. இவ்வளவும் போய் மிச்சம் இருந்தால் ‘மற்ற கடன்கள்’ என்ற தலைப்பில் பயணி. தொழிலாளர்கள் முன்னால் நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஜெட் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவர்கள். ஆனால் இந்த வரிசையில் பயணிவரை பணம் வந்து சேரும் என்று நம்பச் சொல்வது நேர்மையில்லாத பேச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. அதைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. கலைக்கும் உத்தரவு 2025 ஜனவரியில். ஒரு டிக்கெட் காசுக்கு இத்தனை வருடம் எந்தக் கூலிக்காரன் காத்திருப்பான்?

விமானம் ரத்தானால் கிரெடிட் கார்டில் கட்டிய பணம் 7 நாட்களில் திரும்ப வர வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு என்றெல்லாம் விதிகள் இருப்பதைக் கட்டுரையாளர் சுட்டிக்காட்டுகிறார். இருக்கின்றன. நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் நிறுவனத்திடம் அவை செல்லும். நிறுவனமே படுத்துவிட்டால், கொடுக்க வேண்டிய கை இல்லை. பயணிக்கு விதி மிகவும் தேவைப்படும் நாளில் அது செத்துப்போகிறது.

இதே வரிசையை வேறு சிலருக்காக எவ்வளவு வேகமாக மாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோ ஃபர்ஸ்டுக்கு விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்கள் தங்கள் விமானங்களை எடுத்துப்போக முடியாமல் தவித்தார்கள். அவர்களுடைய உலக அமைப்பு அந்த மே மாதமே இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. அக்டோபர் 3ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது: விமானங்களுக்கும் எஞ்சின்களுக்கும் 14ஆவது பிரிவின் தடை இனிப் பொருந்தாது. ஐந்தே மாதம். 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. 2025இல் நாடாளுமன்றம் குத்தகைக்காரர்களின் உரிமையைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. அது தவறு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பொருள் அவர்களுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் டப்ளினில் உட்கார்ந்திருக்கும் குத்தகை நிறுவனத்துக்காக வளைந்த சட்டம், திருவனந்தபுரத்தில் கவுண்டர் முன்னால் நின்றவருக்காக ஏன் வளையாது? வரிசை என்பது இயற்கை விதி, மாற்ற முடியாது என்ற தொனியில் எழுதுகிறவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு உதாரணமும் இருக்கிறது. கட்டி முடிக்காத அடுக்குமாடியில் பணம் போட்டு ஏமாந்தவர்களும் ஒரு காலத்தில் இதே கடைசி வரிசையில்தான் நின்றார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்குகிறவர் கொடுக்கும் முன்பணமும் நிதிக்கடன்தான் என்று ஆக்கினார்கள். மறு வருடம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், கட்டட வேலைக்கும் நிலத்துக்கும் மட்டுமே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. விமான டிக்கெட்டுக்கும் இதைச் செய்யலாமே என்றால் கட்டுரையாளர், முன்பணம் கைக்கு வராவிட்டால் விமான நிறுவனங்கள் ஓடாது என்கிறார். அப்படியானால் அவரே ஒத்துக்கொள்கிறார், நிறுவனத்தை ஓட்டுவது பயணியின் பணம் என்று. ஓட்டுவது என் பணம் என்றால் நான் நிதி கொடுத்தவன். நிதி கொடுத்தவனுக்கு உண்டான இடத்தை எனக்குக் கொடுங்கள். வெறும் பயணி என்றால் பறக்கும்வரை என் பணத்தைத் தொடாதீர்கள். பணம் வாங்கும்போது முதலீட்டாளர், திருப்பிக் கேட்கும்போது யாரோ ஒருவர் என்று இரண்டு முகம் காட்ட முடியாது.

காப்பீடு எடுத்திருக்கலாம் என்ற யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் வந்துவிடுகிற சில நூறு ரூபாய் பாலிசியைத்தான் சாதாரணப் பயணி அறிவார். பெட்டி தொலைந்தால், விமானம் தாமதமானால், உடம்புக்கு முடியாமல் போனால் என்று அதில் இருக்கும். நிறுவனமே நொடித்துப்போனால் என்பதைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. அந்த விலக்கைப் பொடி எழுத்தில் தேடிப் படித்திருக்க வேண்டியது பயணியின் கடமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பாதுகாப்பு கொடுத்தால் கட்டணம் ஏறி ஏழை பறக்க முடியாது என்பதுதான் அவருடைய கட்டுரையின் உயிர்நாடி. ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையின் பாதுகாப்பை மறுக்கும் வாதம் இது. பிரிட்டனில் சுற்றுலாத் தொகுப்பு விற்கும் நிறுவனங்கள் ஒரு பயணிக்கு இரண்டரை பவுண்டு வீதம் ஒரு பொது நிதிக்குக் கட்டுகின்றன. 2017 அக்டோபரில் மோனார்க் விமான நிறுவனம் மூடியபோது சுமார் 1,10,000 பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள்; அவர்களைக் கூட்டிவர அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் வாடகை விமானங்கள் பிடித்தது. 2019 செப்டம்பர் 23 அன்று, 178 வருடப் பழமையான தாமஸ் குக் நிறுவனம் விடியற்காலையில் மூடியது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு நிறுவனம்.) அப்போது வெளிநாட்டில் இருந்தவர்கள் 1,50,000 பேருக்கு மேல். இரண்டு வாரத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு முறையும், நிதிப் பாதுகாப்பு இல்லாதவர்களையும் ஒதுக்கிவைக்காமல் ஏற்றிக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தில் ஓட்டைகள் உண்டு. தனி டிக்கெட் மட்டும் வாங்கியவருக்குப் பணம் திரும்புவதற்கு அது உத்தரவாதம் கொடுப்பதில்லை. ஆனாலும் நடுவழியில் நிற்பவரை வீடு கொண்டுவந்து சேர்ப்பது அரசின் பொறுப்பு என்று ஒரு நாடு எடுத்துக்கொண்டது. அதனால் அங்கே யாரும் பறப்பதை நிறுத்திவிடவில்லை.

இங்கே 2021 ஏப்ரல் முதல் ஒவ்வொரு உள்நாட்டு டிக்கெட்டிலும் விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்று 200 ரூபாய் பிடித்தார்கள். அதற்கு மேல் விமானநிலையத்துக்கென்று தனிக் கட்டணம். இவற்றால் ஏழைகள் பறக்க முடியாது என்று கட்டுரையாளர் எழுதி நான் படித்ததில்லை. பயணியைக் காக்க என்று சொன்னதும் மட்டும் ஏழை ஞாபகம் வருகிறது.

கடைசியாக, ‘அசௌகரியம்’. லே ஊருக்கு ரயில் கிடையாது. ஸ்ரீநகரிலிருந்து மலைப்பாதையில் போனால் இரண்டு நாள். போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து கப்பல் சுமார் மூன்று நாள். அதுவும் மாதத்தில் சில தடவைதான். கோ ஃபர்ஸ்ட் நின்றதும் அந்த மே, ஜூன் மாதங்களில் இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் கட்டணம் தாறுமாறாக ஏறியது. ஜூன் மாதம் மத்திய அமைச்சர் விமான நிறுவனங்களைக் கூப்பிட்டு, நீங்களே பார்த்து நியாயமாக வையுங்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. கண்ணூர் விமானநிலையத்தின் கதை இன்னும் மோசம். 2018 டிசம்பரில் திறந்த அந்த நிலையத்துக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் வர அனுமதி இல்லை. வளைகுடாவுக்குப் பறந்தவை சில இந்திய நிறுவனங்கள் மட்டுமே. அதில் ஒன்று கோ ஃபர்ஸ்ட். ஒரே நாளில் அந்த ஊர்க்காரர்களுக்கு வானத்தில் பெரும் பங்கு மூடிப்போனது. கண்ணூரிலிருந்து வளைகுடாவுக்கு எந்த ரயில் போகிறது?

லீவு முடிந்து நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான் என் மச்சினன். அந்த நான்கு நாளுக்குச் சம்பளம் கிடையாது. மூன்று மடங்கு காசு கொடுத்து வாங்கிய புது டிக்கெட்டில் 20 கிலோவுக்குத்தான் அனுமதி. அதனால் கிளம்புகிற காலையில் அந்த அட்டைப்பெட்டியை மறுபடி நடுவீட்டில் வைத்துப் பிரித்தோம். மாமியார் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். முறுக்கு டப்பா, அரைத்து வைத்த மிளகாய்ப்பொடி, செய்தித்தாளில் சுற்றிய கருவாடு. “அங்க இதெல்லாம் கிடைக்கும்மா” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் பதில் பேசவில்லை. எடுத்து வைத்தவற்றை எடை பார்க்க நான்தான் மறுபடியும் பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.